அவளுக்காக நான் சொன்ன ஹாஜர்

தாராவியில் இறால் உரிக்கும் ஷெட்டில் எனக்கு முப்பத்திரண்டாம் எண். என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு முப்பத்தொன்று. அவள் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஷெட்டுக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலை எட்டு மணிக்கு முக்காதம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பதிவேட்டைத் தொடைமேல் விரித்து, தலை நிமிராமல் எண்களை இந்தியில் கூப்பிடுவார். வேலையாட்களை மேய்க்கிற மேஸ்திரியைத்தான் பம்பாயில் முக்காதம் என்பார்கள். அவர் எண்ணைச் சொன்னால் நாங்கள் உள்ளேயிருந்து "ஹாஜர்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவருக்கு இறால் வாடை ஆகாது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டிருப்பார்; உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு பெண்குரல் வந்தால் போதும், கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி பம்பாய் வந்து இரண்டு வருஷம். கணவருக்குத் தோல் கிடங்கில் வேலை. நான் திருநெல்வேலிப் பக்கம் உள்நாட்டில் பிறந்தவள். கடலையே கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். எங்கள் சந்தில் இருந்த பெண்கள் பாதிப்பேர் இறால் உரிக்கப் போனார்கள். அவர்களோடு நானும் போனேன்.

துறைமுகத்திலிருந்து லாரியில் பனிக்கட்டியோடு வரும் இறாலைச் சிமெண்டுத் தரையில் கொட்டுவார்கள். குவியலைச் சுற்றி அறுபது பெண்கள் பலகை போட்டு உட்காருவோம். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்து எறிந்து, சதையை மட்டும் பேசினில் போட வேண்டும். இறாலின் தலையில் இருக்கும் முள் நகக்கண்ணில் ஏறினால் இரண்டு நாள் சோறு பிசைய முடியாது. பனித்தண்ணீரில் ஊறி ஊறி விரல் தோல் வெள்ளையாகி உரிந்துவரும். வேலை முடிந்ததும் எல்லோரும் படிகாரத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வோம். அந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வரும். நாங்கள் உரித்த இறால் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனது. அத்தனை பெரிய இறாலை எங்களில் ஒருத்தியும் சமைத்துத் தின்றதில்லை.

முப்பத்தொன்றாம் எண்காரி எங்களைப் போல இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவள். அப்பா, அண்ணன்மார் எல்லாம் கட்டுமரக்காரர்கள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். குழந்தை இல்லை. புருஷன் லாரியில் கிளீனராக நாசிக், பூனா என்று போய்விட்டு மூன்று நாள், நான்கு நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். அவள் குரல் பெரிய குரல். அலைக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு வரும் குரல். "ஹாஜர்" என்ற சொல்லைக்கூட அவள் கடைசி எழுத்தை இழுத்து, யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவது போலத்தான் சொல்வாள். அதைக் கேட்டு ஷெட்டே தினமும் ஒருமுறை சிரிக்கும்.

இறால் உரிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுக்க அவள் தன் பேசினிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளி, யாரும் பார்க்காத நேரம், என் பேசினில் போட்டுவிடுவாள். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் சிறிது தூரம் நடந்தால் கோலிவாடா. அது மீன்பிடிக்கும் கோலி ஜனங்களின் ஊர். பம்பாய் உண்டாவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். அதற்கு அப்பால் கழி. கடல்தண்ணீர் உள்ளே ஏறி வந்து இறங்கிப் போகும் சேற்று நிலம், அதன் ஓரமெல்லாம் அலையாத்திச் செடிகள். தண்ணீர் நன்றாக வற்றும் நாட்களில் கோலிப் பெண்கள் கூடையோடு சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள். ஆண்கள் வலைக்குப் போவார்கள், சேறு பெண்களுடையது. வெளி ஆட்களை அதில் இறங்க விடமாட்டார்கள்.

முப்பத்தொன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கோலிவாடாவில் ஒரு பெரிய மீன்காரி இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பது கஜம் புடவையைக் காலுக்கு நடுவே இறுக்கிக் கட்டியிருப்பாள், மூக்கில் கனத்த நத்து. எங்கள் சந்தில் மீன் விற்று விற்றுத் தமிழ் கொஞ்சம் பேசுவாள். எல்லோரும் அவளைச் சித்தி என்ற அர்த்தத்தில் மௌசி என்போம். முப்பத்தொன்று மீனைத் திருப்பிப் பார்த்த விதத்திலேயே இவள் கடற்கரைக்காரி என்று மௌசிக்குத் தெரிந்துவிட்டது. எங்களோடு மட்டி பொறுக்க வா என்று அவளே கூப்பிட்டாளாம்.

அன்றிலிருந்து மாதத்தில் நாலைந்து நாள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, முப்பத்தொன்று விடியும்முன் கழிக்குப் போய்விட்டு ஷெட்டுக்கு ஒன்பது மணிக்கு வருவாள். பாதத்தில் சேறு காய்ந்திருக்கும். ஆனால் எட்டு மணிக்குக் குரல் வராவிட்டால் எண் போய்விடும்; வாசலில் எண்ணுக்காகக் காத்துக்கொண்டு எப்போதும் ஐந்தாறு பெண்கள் நிற்பார்கள். அதனால் அந்த நாட்களில் அவளுக்கும் சேர்த்து நான் குரல் கொடுப்பேன். முந்தானையை வாயருகே இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அவளைப் போலவே இழுத்து, "ஹாஜ…ர்". அடுத்த எண்ணுக்கு என் சொந்தக் குரலில் இன்னொரு ஹாஜர். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். அத்தனை நன்றாக எனக்கு அவள் குரல் வந்துவிட்டது. தூரத்து வரிசையில் இருந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

அந்த வருஷம் தை அமாவாசையன்று மாலை வேலை முடிந்து கை கழுவும்போது அவள் என்னிடம் சொன்னாள்:

"பிள்ளே, நாளைக்கு நான் வர நேரமாவும். இல்லேன்னா அப்பிடியே பாண்டுப்புக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனாலும் போவேன். அவளுக்கு இது மாசம். நான் வரலேன்னா எனக்க நம்பருக்கும் நீயே ஒரு ஹாஜர் சொல்லீரு, கேட்டியா?"

சரி அக்கா என்றேன். அன்று என் மாமனாருக்காக வீட்டில் விரதம். காக்கைக்கு வைத்த சோறு இன்னும் இருக்கிறதா என்ற நினைப்பில் நான் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. எட்டு மணிக்கு "இக்தீஸ்", முப்பத்தொன்று, என்றார் முக்காதம். நான் அவள் குரலில் பதில் சொன்னேன். ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. பாண்டுப்புக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேசினிலும் உரித்துப் போட்டேன். அந்த ஒரு மாதத்துக் கடன் அது. ஒரு மாதம் அவள் எனக்குச் செய்ததை நான் ஒருநாள் செய்கிறேன் என்று மனதுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கும், இவள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள், வந்ததும் என்ன பிள்ளை என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையிலும் ஹாஜர் சொன்னேன். பத்து மணிக்கு அவள் புருஷன் ஷெட் வாசலுக்கு வந்தார். முந்தின நாள் சாயங்காலம் லாரி வேலையிலிருந்து திரும்பியிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. அவர் முக்காதத்திடம் கேட்பதும், முக்காதம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவதும் உள்ளேயிருந்த எனக்குத் தெரிந்தது. நாலு நாளும் வந்திருக்கிறாள், இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறாள் என்றார் முக்காதம். பிறகு உள்ளே பார்த்து, இக்தீஸ் வெளியே வா என்று கத்தினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அறுபது பெண்களும் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாம் முறை கத்தினார்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம். அவளுக்கும் எண் போகும், எனக்கும் போகும். "வெளியே போயிருக்கா" என்று இந்தியில் சொன்னேன். பின்பக்கம் கக்கூசு இருந்தது. அதற்குப் போயிருப்பாள் என்று முக்காதம் நினைத்துக்கொண்டார். அவள் புருஷன் வாசலில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். சாயங்காலம் வரை அப்படியே இருந்தார். நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். அவள் மட்டும் வரவில்லை.

நான் அவரிடம் போய், பாண்டுப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாக அக்கா சொல்லியிருந்தாள் என்று மட்டும் சொன்னேன். அவர் பாண்டுப் போனார். தங்கச்சி அவளைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது என்றாளாம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

அதற்குப் பிறகு பேச்சு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. நாலு நாள் வேலைக்கு வந்திருக்கிறாள், வீட்டுக்கு மட்டும் போகவில்லை. புருஷன் தேடி வந்ததும் பின்பக்கமாக நழுவிவிட்டாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது அந்த அர்த்தத்தை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகச் சொன்னாள். லாரி ஓட்டும் ஒருவனோடு என்றாள் ஒருத்தி. விக்ரோலியில் அவளை யாருடனோ பார்த்ததாகச் சொன்னாள் இன்னொருத்தி. நான் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாளிலிருந்து நான் அவளுக்காகக் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். புருஷன் தேடுகிறாரே என்று முக்காதம் இரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் எண்ணை அடித்தார். என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் அவள் பெயர் தப்பியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டே பேசாமலிருந்தேன். எழுதும்போது இதற்கு ஒரு சமாதானம் கிடைக்குமா என்று பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கோலிப் பெண்கள் அவளைக் கண்டுபிடித்தார்கள்.

அலையாத்திச் செடிகளுக்கு நடுவே, உட்பக்கமாக, அவர்களே அதிகம் போகாத ஓர் ஓடையில் கிடந்தாள். கழியில் எப்போதோ நட்டு, பிறகு கைவிட்ட வலைக் கம்புகள் அங்கே இருந்தன. அவற்றிலிருந்து அறுந்த வலை சேற்றுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அவள் வலதுகாலில் அது சுற்றி இறுகியிருந்தது. அதனால்தான் தண்ணீர் அவளை எங்கும் கொண்டுபோகவில்லை என்றார்கள். மௌசிதான் முதலில் பார்த்தவள். போலீஸ் வரும்வரை யாரையும் கிட்டே விடாமல் தன் மேல்துணியை அவிழ்த்து அவள்மேல் போட்டுவிட்டுச் சேற்றில் நின்றிருக்கிறாள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஷெட்டில் இருந்தேன். செய்தி வந்தபோது என் கையில் ஓடு பாதி உரிந்த இறால் ஒன்று இருந்தது. அதை முழுக்க உரித்துப் பேசினில் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

செத்து எட்டு நாளைக்குக் குறையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் ஷெட்டுக்கு வந்து பதிவேட்டைப் பார்த்தார். தை அமாவாசைக்கு மறுநாளிலிருந்து நாலு நாளும் அவள் எண்ணுக்கு நேரே கோடு இருந்தது. இது என்ன என்று கேட்டார்.  "குரல் வந்துச்சு சாப், நான் காதால கேட்டேன்" என்றுதான் முக்காதம் திரும்பத் திரும்பச் சொன்னார். போலீஸ்காரர் அவரைத் திட்டிவிட்டு, கணக்கு எழுதும் லட்சணம் இது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கால் வலையில் மாட்டி மூழ்கியது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. மேற்கொண்டு அவருக்கு வேலையுமில்லை.

ஆனால் ஷெட் வேறு கணக்குப் போட்டது. முக்காதத்தின் வாயிலிருந்து புறப்பட்டது மத்தியானத்துக்குள் எல்லா வரிசைக்கும் வந்துவிட்டது. செத்தவள் நாலு நாள் வேலைக்கு வந்திருக்கிறாள். கடைசி வரிசையில் இருந்த இருவர், தாங்களே அவள் குரலைக் கேட்டதாகச் சத்தியம் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கேட்டிருந்தார்கள். நான் அவளுக்காகக் குரல் கொடுப்பதை அறிந்த நாலைந்து பேர் என் வரிசையிலேயே இருந்தார்களே, அவர்களாவது உண்மையைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களில் ஒருத்தி என்னைத் தனியே இழுத்துப் போய், "முன்னாலல்லாம் நீதான் சொல்லுவே, தெரியும். இந்த நாலு நாளும் நீயா சொன்னே? அது உன் குரலே இல்லட்டீ" என்றாள். அவள் கண்ணில் இருந்தது நிஜமான பயம். நான் என் பலகைக்குத் திரும்பிப் போனேன்.

அவள் உட்கார்ந்த பலகையில் யாரும் உட்காரவில்லை. அதன்மேல் ஒருத்தி மஞ்சள் துண்டு வைத்தாள், இன்னொருத்தி பூ வைத்தாள். முக்காதம் புதிய பதிவேடு வாங்கினார். அதில் முப்பத்தொன்று என்ற எண்ணே இல்லை. காலையில் கூப்பிடும்போது முப்பதுக்கு "தீஸ்" என்பார். ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு "பத்தீஸ்" என்பார், அது என் எண். அந்த ஒரு மூச்சு நேரம் அறுபது பேரும் கையை அசைக்காமல் இருப்பார்கள், பனிக்கட்டி உருகிச் சொட்டுவது கேட்கும். பிறகு நான் ஹாஜர் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவள் புருஷன் மறுபடி வந்தார். மழித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. என்னைத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஷெட்டுக்கு வெளியே காலி ஐஸ் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்றோம்.

"நீ அவளுக்குப் பக்கத்துல இருந்த பிள்ளையாக்கும். அந்த நாலு நாளும் அவ எப்பிடி இருந்தா? வல்லதும் சொன்னாளா?"

அவர் கேட்ட விதத்தில் கோபமில்லை. அவருக்கு அவளைப் பற்றி ஒரு செய்தி வேண்டியிருந்தது. நான் நல்லதாக ஏதாவது சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். என்னால் முடியவில்லை.

"அண்ணாச்சி, அக்கா வரல. நாந்தான் அவ குரல்ல ஹாஜர் சொன்னேன். நாலு நாளும் நாந்தான். பாண்டுப்புக்குப் போயிருக்கான்னு நெனச்சேன். நீங்க வந்தன்னைக்கும் பொய் சொன்னேன்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐஸ் பெட்டியின் ஆணியை விரலால் தடவினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மொத நாளு நம்பர் கூப்பிட்டது எத்தன மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

"அப்ப அங்க தண்ணி ஏறியாச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கும் தெரியவில்லை. அவர்கள் ஊர்க் கடலில் தண்ணீர் இப்படி ஆளுயரத்துக்கு ஏறி இறங்குவதில்லை என்றார். நாங்கள் இருவரும் கோலிவாடாவுக்கு மௌசியிடம் போனோம். அவள் வீட்டு வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதையே நான் இந்தியில் கேட்டேன். மௌசி கூடையைக் கவிழ்த்து வைத்தாள். அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவரிடம் தமிழிலேயே சொன்னாள்:

"அன்னிக்கு தண்ணி சீக்கிரம். சூரியன் வர்றதுக்கு முன்னாடியே ஏறிடுச்சு. எட்டு மணிக்கு அங்க ஒண்ணும் இல்லே, அண்ணா. எல்லாம் முடிஞ்சிடுச்சு."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். திரும்பி நடந்தோம். சந்து பிரியும் இடத்தில் நின்று சொன்னார்:

"இத நீ வேற யாருக்கிட்டயும் சொல்லாண்டாம். ஓடிப்போனான்னு சொன்ன வாயெல்லாம் இப்பப் பயந்து கும்புடுது. அது அப்பிடியே கெடக்கட்டும்."

அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் கேட்டபடி என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. அவள் செத்த பிறகும் வேலைக்கு வந்தாள் என்ற கதை தாராவியில் வெகுகாலம் இருந்தது. அதைச் சொன்னவர்கள் அவளை நல்லவிதமாகவே சொன்னார்கள். கொடுத்த வேலையை விடமாட்டாள், சாவுகூட அவளை நிறுத்தவில்லை என்பார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

மௌசி சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஷெட்டுக்குப் போனேன். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. என் ஹாஜர் அவளுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை, அவள் பெயருக்குத்தான் செய்தது. அப்படிச் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் காலை முக்காதம் "தீஸ்" என்றார். நிறுத்தினார். "பத்தீஸ்" என்றார். நான் வாயைத் திறந்தேன். வந்தது அவள் குரல்.

அப்படிச் சொல்ல வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. என் குரலில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெரிதாக, இழுத்து, தூரத்தில் யாரையோ கூப்பிடுவது போல வந்தது. ஒருத்தி பேசினைத் தட்டிவிட்டு எழுந்தாள். முக்காதம் முதல்முறையாக உள்ளே எட்டிப் பார்த்தார். நான் பலகையை விட்டு எழுந்து, கைகூடக் கழுவாமல், வெளியே நடந்தேன். பிறகு அந்த ஷெட்டுக்குள் நான் போகவில்லை.

வீட்டில் ஐந்தாறு நாள் பேசாமல் கிடந்தேன். வாயைத் திறந்தால் எந்தக் குரல் வருமோ என்று பயம். மீன் கொண்டுவந்த மௌசி என் நிலையைப் பார்த்தாள். மறுநாள் காலை அஞ்சு மணிக்குத் தயாராக இரு, என்னோடு வா என்றாள். ஏன் எதற்கு என்று கேட்கவிடவில்லை. என்னைத் தெற்கே துறைமுகத்துக்குக் கூட்டிப் போனாள். ஆண்கள் படகிலிருந்து மீனைக் கூடையில் தூக்கிப் போடுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு எல்லாம் பெண்கள்தான். ஏலம் கேட்பது, விலையை உடைப்பது, கைகலப்பது, பனிக்கட்டிக்குச் சண்டை போடுவது, எந்த மீன் எந்தச் சந்தைக்குப் போகும் என்று முடிவு செய்வது. அங்கே குரல் இல்லாதவளுக்கு ஒரு வாளை மீன்கூடக் கிடைக்காது. மௌசி என்னை ஒரு கூடை முன் நிறுத்தி, விலை கேள் என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டேன். என் குரல்தான் வந்தது.

அப்படித்தான் நான் மீன்காரி ஆனேன். துறைமுகத்தில் எடுத்து, ஹார்பர் லைன் ரயிலில் லக்கேஜ் டப்பா என்னும் சாமான் பெட்டியில் ஏறி, செம்பூரில் இறங்குவோம். மௌசி மராத்திக்காரர் வீடுகளுக்குப் போவாள், நான் தமிழ் வீடுகளுக்கு. நாலு வருஷம் அவளோடு அப்படிப் போனேன்.

கடலோடு தொழில் செய்பவளுக்குத் திதி தெரியாமல் முடியாது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நாளாக ஆகத் தானே தெரிந்துவிட்டது. அமாவாசையன்று காலை ஆறு மணியளவில் தண்ணீர் அடியோடு வற்றும், மத்தியானம் பன்னிரண்டுக்கு நிறையும். அடுத்தடுத்த நாள் முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும். படகு எப்போது உள்ளே வரும் என்று கணக்குப் பார்க்க இது போதும். மீன்காரிகள் இதை விரலில் எண்ணுவார்கள். நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, ஒரு தை அமாவாசைக்கு மறுநாள், மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது எண்ணினேன். அமாவாசைக்கு மறுநாள். அப்படியென்றால் காலை ஆறே முக்காலுக்குத்தான் தண்ணீர் வற்றி முடியும். பிறகு மெதுவாக ஏறும். கழியின் உட்பக்க ஓடையில் ஆளுயரம் வர பத்தரை, பதினொன்று ஆகும். எட்டு மணிக்கு அங்கே முழங்கால் தண்ணீர்கூட இருந்திருக்காது. எட்டு மணிக்கு, நான் அவள் குரலில் ஹாஜர் சொன்னபோது, அவள் தன் குரலில் கத்திக்கொண்டிருந்திருப்பாள். ஷெட்டுக்கும் அந்த ஓடைக்கும் நடந்தால் கால் மணி நேரம். அவள் வரவில்லை என்று நான் சொல்லியிருந்தால், எட்டிலிருந்து பத்தரைக்குள் யாராவது ஒருவர் தேடிப் போயிருப்பார்களா? போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் இன்றுவரை இருக்கிறேன்.

ரயில் வந்தது. கூடைகளை ஏற்றினோம். டப்பாவில் எங்களோடு வேறு சில மீன்காரிகள் இருந்தார்கள். குர்லாவில் அவர்கள் இறங்கினார்கள். மௌசியும் நானும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

அவள் கேட்டது, "இப்பத்தான் எண்ணினியா?" என்றுதான். ஆமாம் என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, பாதி இந்தியிலும் பாதி தமிழிலுமாகச் சொல்லத் தொடங்கினாள். அன்று கோலிவாடாவில் கல்யாணம். அதனால் பெண்கள் யாரும் சேற்றுக்குப் போகவில்லை. தனியாகப் போகாதே என்று முப்பத்தொன்றுக்கு முந்தின நாளே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், கல்யாண வேலையில் மௌசி மறந்துவிட்டாள். காலையில் பெண்ணுக்கு மஞ்சள் பூச எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். பேண்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அப்போது கழிப்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"நல்லாக் கேட்டுச்சு. நான் திரும்பிப் பார்த்தேன். யாரோ யாரையோ கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பேண்டு அடிச்சாங்க."

அது எத்தனை மணி என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நான் உனக்காகச் சொல்லவில்லை, அவனுக்காகவும் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னாள். அவள் கை கூடையின் விளிம்பைப் பிடித்திருந்தது. அதன்மேல் என் கையை வைத்தேன். இரண்டு கையும் ஒரே மாதிரி வெடித்து, ஒரே மாதிரி நாறின.

செம்பூர் வந்தது. அவள் கூடையை நான் அவள் தலைக்குத் தூக்கிவிட்டேன். என் கூடையை அவள் ஒரு கையால் தூக்கிக்கொடுத்தாள். ஸ்டேஷனுக்கு வெளியே அவள் இடப்பக்கம் போனாள், நான் வலப்பக்கம் போனேன். முதல் வீட்டு வாசலில் நின்று மீன் என்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண், இதோ வந்துட்டேன் என்றாள். அவள் கதவைத் திறக்கும்வரை நான் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.